கையில் படாத கணு

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டைப் புண் என்றால் தாடைக்குக் கீழே கட்டும். பாட்டிமார் விரலால் அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நிணநீர் வழியே கிளம்பினாலும் முதலில் இப்படி ஒரு நிணநீர்க் கணுவில்தான் போய்த் தங்கும். ஆனால் அந்தக் கணு இடுப்பெலும்புக் கூட்டின் உட்சுவரில், காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டி, கொழுப்புக்குள் புதைந்து கிடக்கிறது. வெளியிலிருந்து அமுக்கினாலும் சரி, உள்வழியாகப் பரிசோதித்தாலும் சரி, ஆரம்ப நிலையில் கைக்குப் படாது. வலிக்காது. பல நேரம் வீங்கக்கூடச் செய்யாது.

நோய் போகும் பாதை என்னவோ ஓரளவு ஒழுங்கானது. கர்ப்பப்பையை இடுப்புச் சுவரோடு பிணைத்திருக்கும் பாராமெட்ரியம் என்ற பக்கவாட்டுத் திசுவுக்குள் நிணநீர் நாளங்கள் ஓடுகின்றன. அவை ஆப்டியுரேட்டர் நரம்பைச் சுற்றியுள்ள கணுக்களையும், வெளி இலியாக் குழாயை ஒட்டிய கணுக்களையும் சென்று சேர்கின்றன. இன்னொரு கிளை பின்பக்கமாக உள் இலியாக் கணுக்களுக்குப் போகிறது. அங்கிருந்து மேலேறினால் பொது இலியாக் கணுக்கள், அதற்கும் மேலே மகாதமனியின் இருபுறக் கணுக்கள். கீழ்க் கணுக்களை விட்டுவிட்டு மேலே தாவுவது அரிது. ஆகவே கேள்வி எங்கே போகும் என்பதல்ல. போயிருக்கிறதா என்பதுதான்.

அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் ஏன் இத்தனை அக்கறை? இத்தாலியில் ஃபாபியோ லாண்டோனி குழுவினர் நடத்திய ஒரு சோதனை 1997இல் லான்செட் இதழில் வந்தது. முதல் நிலையின் ‘பி’ பிரிவிலும் இரண்டாம் நிலையின் ‘ஏ’ பிரிவிலும் இருந்த 343 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவை, மறு பாதிக்குக் கதிர்வீச்சு. ஐந்தாண்டு முடிவில் இரு பக்கமும் 83% பேர் உயிரோடு இருந்தார்கள். உயிர் காப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களில் 64% பேருக்கு, எடுத்த திசுவில் கணுப் பரவலோ வேறு அபாயக் குறியோ தெரிந்ததால், பிறகு கதிர்வீச்சும் கொடுக்க வேண்டி வந்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால் கத்தியும் வைத்து, கரண்டும் வைத்தார்கள். கடுமையான பக்கவிளைவுகள் அறுவைப் பிரிவில் 28%, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களிடம் 12%. சிறுநீர்ப்பைக் கோளாறு, கால் வீக்கம் எல்லாம் அதில் அடக்கம். கணுவில் நோய் இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் பல பெண்களுக்கு இரண்டில் ஒன்றைத் தவிர்த்திருக்கலாம். கணுப் பரவலின் அபாயக் காரணிகளைப் பற்றிய முழு ஆராய்ச்சிக்கும் இந்தத் தேவைதான் அடிப்படை.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவதற்கான காரணிகள் வேறு, வந்த நோய் கணுவுக்குப் பரவுவதற்கான காரணிகள் வேறு. எச்பிவி வைரஸ், புகைப்பழக்கம், எச்ஐவி, பல பிரசவங்கள் ஆகியவை முதல் பட்டியல். இரண்டாவது பட்டியலில் நோயாளியின் வாழ்க்கைமுறைக்கு அநேகமாக இடமே இல்லை. பெரும்பாலும் கட்டியின் குணங்கள்தான். “நான் என்ன தப்புப் பண்ணினேன், இப்படிப் பரவிடுச்சு?” என்று புற்றுநோய் வார்டுகளில் பெண்கள் கேட்பதுண்டு. அவர்கள் எதுவும் செய்யவில்லை.

வயிற்றைத் திறந்து கணுவைத் தேடும் வழக்கம் நூறாண்டுக்கும் பழையது. வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம் 1898 நவம்பரில் கர்ப்பப்பையோடு பக்கத் திசுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவையைத் தொடங்கினார். எல்லாக் கணுக்களையும் அவர் எடுக்கவில்லை. கைக்குப் பெரிதாகத் தெரிந்ததை மட்டும் எடுத்தார். பாஸ்டனில் ஜோ வின்சென்ட் மீக்ஸ் 1940களில் அந்த அறுவைக்குப் புத்துயிர் கொடுத்தபோது, இடுப்புக் கணுக்களை ஒன்றுவிடாமல் அகற்றுவதை அதன் அங்கமாக்கினார். கல்கத்தாவில் சுபோத் மித்ரா வேறு வழி கண்டார். கர்ப்பப்பையைப் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்துவிட்டு, கணுக்களை மட்டும் வயிற்று உறைக்கு வெளியே, பக்கவாட்டில் கீறி எடுத்தார். உலகப் பாடநூல்களில் அது மித்ரா அறுவை என்றே பதிவாகியிருக்கிறது. நம் மருத்துவ மாணவர்கள் வெர்தைமை அறிந்த அளவுக்கு மித்ராவை அறிவதில்லை என்பது தனிக் கதை.

வெர்தைமின் விரல் நம்பகமான கருவி அல்ல என்பது மீக்ஸின் முறை பரவியதும் புரிந்தது. பெரிதாக இருந்த கணுவில் வெறும் அழற்சி இருந்தது. பட்டாணி அளவு கணுவில் புற்று இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்த்துச் சேர்ந்த கணக்கு ஏறத்தாழ இது. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவு, ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் என்றால் கணுப் பரவல் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 3 முதல் 5 மில்லிமீட்டர் என்றால் சில விழுக்காடு. அதற்கு மேல், கர்ப்பப்பை வாயைத் தாண்டாத கட்டி என்றால் 15 முதல் 20% வரை. பக்கத் திசுவுக்குள் போய்விட்டால் மூன்றில் ஒருவர்.

அந்த 15 முதல் 20% என்ற இடம்தான் சிக்கல். ஆறு பேரில் ஒருவருக்குப் பரவியிருக்கிறது. ஐந்து பேருக்கு இல்லை. அந்த ஒருவர் யார்?

இதற்கு முறையாகப் பதில் தேடிய ஆய்வு அமெரிக்காவின் கைனகாலஜிக் ஆங்காலஜி குரூப் நடத்தியது, சுருக்கமாக ஜி.ஓ.ஜி. 49. பல மருத்துவமனைகள் சேர்ந்து 1981 முதல் 1984 வரை 1,125 பெண்களைப் பதிவு செய்தன. எல்லாருக்கும் முதல் நிலை நோய், ஊடுருவல் குறைந்தது 3 மில்லிமீட்டர். அவர்களில் செதிள்செல் வகைப் புற்றும், கர்ப்பப்பைக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும் நோய் இல்லாத நிலையும் கொண்டு, முழு அறுவை முடித்தவர்கள் 645 பேர். கிரிகோரியோ டெல்காடோவும் சகாக்களும் 1989இல் முடிவை வெளியிட்டார்கள். சரியாக 100 பேருக்கு இடுப்புக் கணுவில் நோய் இருந்தது. 15.5%.

தனித்தனியே பார்த்தபோது பல விஷயங்கள் கணுப் பரவலோடு சேர்ந்தே வந்தன: ஊடுருவலின் ஆழம், பக்கத் திசுவில் நோய், நுண்நாளங்களுக்குள் புற்றுச் செல்கள், கட்டியின் தரநிலை, கட்டி கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா மறைந்திருந்ததா என்பது. ஆனால் இவை ஒன்றுக்கொன்று உறவுள்ளவை. பெரிய கட்டி பெரும்பாலும் ஆழமாகவும் போயிருக்கும். ஆழமாகப் போனது நாளங்களைத் தொட்டிருக்கும். எது உண்மையிலேயே கணுவை முன்னறிவிக்கிறது, எது கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறது என்று பிரிக்க, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் போட்டபோது நின்றவை நான்கு: நுண்நாள ஊடுருவல், ஆழம், பக்கத் திசுப் பரவல், இவற்றைவிடப் பலவீனமாக வயது. கட்டி கண்ணுக்குத் தெரிந்ததா என்பது அந்தப் பட்டியலில் நிற்கவில்லை, தரநிலையும் நிற்கவில்லை.

என் பார்வையில் இந்த ஆய்வின் முக்கியமான செய்தி இதுதான். அறுவை மேசையில் கண் பார்த்ததும் கை தொட்டதும் விலகிப் போயின. கண்ணாடிச் சில்லில் பேதாலஜிஸ்ட் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நிலைத்தன. நாற்பதாண்டுகளாக எத்தனையோ ஸ்கேன்கள் வந்த பிறகும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை.

ஆழத்தை எடுத்துக்கொள்வோம். கர்ப்பப்பை வாயின் சுவரை மூன்று அடுக்காகப் பாவித்தால், உள் அடுக்கோடு நின்ற கட்டிகளில் கணுப் பரவல் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நடு அடுக்குக்குப் போனவற்றில் 13%. வெளி அடுக்கை எட்டியவற்றில் 26%. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்போ அதற்கு மேலோ ஆகிறது. காரணம் எளிது. ஆழத்தில் நிணநீர் நாளங்கள் பருமனாகவும் அதிகமாகவும் இருக்கின்றன. கட்டி அவற்றைச் சந்திக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

அடுத்தது நுண்நாள ஊடுருவல். இன்றைய ரிப்போர்ட்டுகளில் எல்.வி.எஸ்.ஐ. என்று நான்கெழுத்தில் வருவது. இது எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அறுவை அரங்கிலிருந்து ஃபார்மலினில் மிதந்து வரும் கர்ப்பப்பை வாயைப் பேதாலஜிஸ்ட் வெட்டு விளிம்பில் மை பூசி, பன்னிரண்டு மணி நிலையில் திறந்து, கடிகார முள் சுற்றும் வரிசையில் கீற்றுக் கீற்றாக அறுக்கிறார். ஒவ்வொரு கீற்றும் மெழுகில் பதிக்கப்பட்டு, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு கனத்தில் சீவப்பட்டு, நீலமும் சிவப்பும் கலந்த சாயம் ஏற்றப்பட்டு ஸ்லைடாகிறது. கட்டியின் ஓரத்தில், இளஞ்சிவப்புத் திசுவுக்கு நடுவே, ஒரு வெற்று இடைவெளி. அதற்குள் பத்துப் பதினைந்து புற்றுச் செல்கள் கொத்தாக. அந்த இடைவெளியின் விளிம்பில் தட்டையான செல்கள் வரிசையாகப் படிந்திருந்தால் அது நாளம், கொத்து அதற்குள் மிதக்கிறது, எல்.வி.எஸ்.ஐ. உண்டு. தட்டைச் செல்கள் இல்லாவிட்டால், ஃபார்மலினில் திசு சுருங்கி விலகியதால் உண்டான பொய்யான இடைவெளியாக இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே ஸ்லைடை இரண்டு அனுபவசாலிகள் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வது நடக்கிற காரியம். நிணநீர் நாளத்தின் சுவரை மட்டும் பழுப்பாகக் காட்டும் டி2-40 என்ற சாயம் இப்போது இருக்கிறது. சந்தேகம் வரும்போது அது உதவும். எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது.

டெல்காடோவின் கணக்கில் எல்.வி.எஸ்.ஐ. இருந்தவர்களில் 25.4% பேருக்குக் கணுவில் நோய், இல்லாதவர்களில் 8.2%. மூன்று மடங்கு வித்தியாசம். இந்த இரு எண்களையும் அவசரமாகப் படிக்கக் கூடாது. நாளத்துக்குள் புற்றுச் செல் தெரிந்த பெண்களிலும் நான்கில் மூவருக்குக் கணு சுத்தமாகவே இருந்திருக்கிறது. வாய்க்காலில் விழுந்த விதையெல்லாம் கரையேறி முளைப்பதில்லை. நாளத்தில் நுழைந்த செல், நோயெதிர்ப்பு அணுக்களிடம் தப்ப வேண்டும், கணுவில் ஒட்ட வேண்டும், அங்கே இரத்த ஓட்டம் தேடிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவை வழியிலேயே சாகின்றன. எண்ணின் மறுபக்கமும் உண்டு. சதவீதத்தைத் தலைக்கணக்காக மாற்றிப் பார்த்தால், கணுவில் நோய் இருந்த 100 பேரில் ஏறத்தாழ 30 பேருக்கு எல்.வி.எஸ்.ஐ. தெரியவில்லை. “நாளத்தில் இல்லை, ஆகவே கவலை இல்லை” என்று சொல்லிவிட முடியாது.

இத்தனை வலுவான குறியீடு, நோய்நிலை வகைப்பாட்டில் இடம்பெறவே இல்லை என்பது வினோதம். ஃபிகோ என்ற பன்னாட்டு மகளிர்நோய், மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2018இல் தன் நோய்நிலை வகைப்பாட்டைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின் முதல் ஆசிரியர் டெல்லி எய்ம்ஸின் நீரஜா பட்லா. அதுவரை நிலை என்பது பெரும்பாலும் விரல் பரிசோதனையால் முடிவாகி வந்தது. கணுவில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலை மாறாது. ஏழை நாடுகளில் கணுவைச் சோதிக்க வசதியில்லை. எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பது அன்றைய நியாயம். புதிய முறையில் கட்டியின் அளவு 2 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் என்று மூன்றாகப் பிரிந்தது. கணுவில் நோய் இருந்தால் நேரே மூன்றாம் நிலையின் ‘சி’ பிரிவு. ஆனால் எல்.வி.எஸ்.ஐ. இருந்தால் குறிப்பிடுங்கள், நிலையை மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும் ஒன்றைச் சட்டமாக்கத் தயங்கியிருக்க வேண்டும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கணு இருந்தால் மூன்றாம் நிலை என்ற புதிய விதி, கேட்கிறவரைக் கலங்கடிக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, ஒரே ஒரு கணுவில் நோய். நேற்று வரை முதல் நிலை, இன்று மூன்றாம் நிலை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரே மாதிரி நோயாளிகள் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு கோஜி மட்சுவோ குழுவினர் 2019இல் காட்டியது இது: இடுப்புக் கணுவில் நோய் உள்ளவர்களில், மூலக் கட்டி கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே நின்றிருந்தால் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் ஏறத்தாழ 75%, பக்கத்தில் பரவியிருந்தால் 59%, இடுப்புச் சுவரை எட்டியிருந்தால் 39%. ஆகவே “மூணாம் ஸ்டேஜ்” என்று காதில் விழுந்ததும் இடிந்துபோக வேண்டியதில்லை. எந்த மூன்று என்று கேட்க வேண்டும்.

செல் வகைக்கு வருவோம். ஜி.ஓ.ஜி. 49இன் 645 பேரும் செதிள்செல் வகையினர். நான்கில் ஒரு பங்குக்கு அருகில் வரும் மற்றவை பெரும்பாலும் சுரப்பிச் செல்களிலிருந்து எழும் அடினோகார்சினோமா. மருத்துவ வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற கர்ப்பப்பை வாய்க் கட்டி இந்த வகைதான். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 1951 தொடக்கத்தில் வந்த ஹென்ரியெட்டா லேக்ஸுக்கு வயது 30. கட்டி சிறியது, முதல் நிலை, செதிள்செல் வகை என்று எழுதினார்கள். ரேடியம் வைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் உடலெங்கும் நோய் பரவி அவர் இறந்தார். அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் ஹீலா என்ற பெயரில் இன்றும் உலக ஆய்வகங்களில் வளர்கின்றன. அவரைப் பரிசோதித்த ஹோவர்ட் ஜோன்ஸும் சகாக்களும் இருபதாண்டுக்குப் பின் பழைய ஸ்லைடுகளை எடுத்து மறுபடி பார்த்து, அது அடினோகார்சினோமா என்று 1971இல் எழுதினார்கள். அன்றே சரியாகப் படித்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது. அன்று எல்லா வகைக்கும் ரேடியம்தான். ஆனால் சிறிய கட்டி என்பதே பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

அடினோகார்சினோமா என்றாலே அதிகம் பரவுமா? ஆய்வுகள் ஒத்துப் போகவில்லை. நிலைக்கு நிலை ஒப்பிட்டால் செதிள்செல் வகைக்குச் சமம் என்போரும் உண்டு, மோசம் என்போரும் உண்டு. இந்த இழுபறியைத் தாண்டிப் பயனுள்ள ஒன்றைச் சொன்னவர் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் பணியாற்றிய எல்வியோ சில்வா. அவரும் பல நாட்டுப் பேதாலஜிஸ்டுகளும் 2013இல் 352 அடினோகார்சினோமாக்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ஆழத்தை அளப்பதை விட்டு, கட்டி எந்தத் தினுசில் நுழைகிறது என்று பார்த்தார்கள். சுரப்பிகள் வட்டமான விளிம்போடு, சுற்றியுள்ள திசுவைச் சிதைக்காமல் தள்ளிக்கொண்டு போனால் ‘ஏ’ வகை. அங்கங்கே தனிச் செல்கள் உதிர்ந்து நுழையத் தொடங்கியிருந்தால் ‘பி’. திசுவைக் கலைத்துக்கொண்டு பரவலாக நுழைந்தால் ‘சி’. ‘ஏ’ வகை 73 பேர். ஒருவருக்குக்கூடக் கணுவில் நோய் இல்லை. ‘பி’ வகையில் 4.4%. ‘சி’ வகையில் 23.8%. ‘ஏ’ வகையில் சில கட்டிகள் ஆழமானவை. பழைய கணக்கில் பெரிய அறுவைக்கும் கணு நீக்கத்துக்கும் போயிருக்க வேண்டியவை. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இவ்வளவு சுத்தமாக ஒரு பூஜ்யம் வேறெங்கும் வரவில்லை. இதற்கு நேரெதிர், சிறுசெல் நியூரோஎண்டோகிரைன் வகை. அரிதானது, கட்டி சிறிதாக இருக்கும்போதே கணுவுக்கும் அப்பாலும் போய்விடும். அதற்கு வேறெந்தக் காரணியையும் எண்ண வேண்டியதில்லை.

மூலக்கூறு அளவிலும் தேடியிருக்கிறார்கள். நிணநீர் நாளங்களைப் புதிதாக முளைக்கச் செய்யும் விஇஜிஎஃப்-சி புரதம் அதிகமுள்ள கட்டிகள் கணுவுக்குப் பரவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இரத்தத்தில் எஸ்சிசி ஆன்டிஜென் அளவு கூடியிருந்தாலும் சந்தேகம் கூடும். தினசரி மருத்துவத்தில் முடிவெடுக்கும் அளவுக்கு இவை எதுவும் இன்னும் வளரவில்லை.

ஸ்கேன் எடுத்தால் தெரியாதா என்ற கேள்வி நியாயமானது. எம்ஆர்ஐ பொதுவாகக் கணுவின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் சந்தேகப்படுகிறது. 5 மில்லிமீட்டர் கணுவுக்குள் 1 மில்லிமீட்டர் புற்று இருந்தால் அதற்குத் தெரியாது. பெட் ஸ்கேன் மேல். ஆனால் நுண்ணிய படிவுகளை அதுவும் தவறவிடும். தவிர, காசநோயும் நாள்பட்ட தொற்றும் மலிந்த நாட்டில் அழற்சிக் கணுவும் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும். மூலக் கட்டியின் அளவையும் ஆழத்தையும் காட்டுவதில் எம்ஆர்ஐ கெட்டிக்காரக் கருவி; கணுவுக்குள் எட்டிப் பார்ப்பதில் அல்ல.

எனவே முதலில் நிணநீர் சென்று சேரும் காவற்கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. கர்ப்பப்பை வாயில் மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் இண்டோசயனின் கிரீன் சாயத்தைச் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் நாளங்களும் முதல் கணுவும் ஒளிர்கின்றன. பிரான்ஸில் ஃபாப்ரிஸ் லெக்யூரு தலைமையில் நடந்த சென்டிகால் ஆய்வில் (2011), நீலச் சாயமும் கதிரியக்கத் துகளும் கொண்டு 139 பேரிடம் தேடினார்கள். கணுவில் நோய் இருந்த 25 பேரில் 23 பேரைக் காவற்கணு காட்டிக்கொடுத்தது. இரு பக்கமும் காவற்கணு கிடைத்தவர்களில் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. வலது பக்கம் சொல்வது இடது பக்கத்துக்குப் பொருந்தாது. ஒரு பக்கம் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கக் கணுக்களை முழுமையாக எடுக்க வேண்டும்.

ஒரே குறை, நேரம். எடுத்த கணுவை மேசையில் நோயாளி இருக்கும்போதே உறைய வைத்துச் சீவிப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன், செக் குடியரசின் டேவிட் சிபுலா வழிநடத்திய சென்டிக்ஸ் ஆய்வில், நோய் இருந்த கணுக்களில் ஏறத்தாழப் பாதியைத் தவறவிட்டது. பின்னர் நிதானமாகப் படிப்படியாகச் சீவி ஆராய்ந்தபோதுதான் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுண்படிவுகள் அகப்பட்டன. மேசையில் கணு நேர்மறை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அறுவையை முடிக்காமல் நிறுத்திக் கதிர்வீச்சுக்கு அனுப்பியவர்களுக்கும், முடித்த பிறகு அனுப்பியவர்களுக்கும் உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை என்று அதே சிபுலா குழுவின் ஏப்ராக்ஸ் ஆய்வு 515 பேரை வைத்து 2021இல் காட்டியது. தொடங்கியதை முடித்தே தீர வேண்டும் என்ற அறுவை மருத்துவரின் பிடிவாதத்துக்கு ஆதாரம் குறைந்துவிட்டது.

அபாயக் காரணிகளைத் தெரிந்துகொள்வதன் மறுபலன், தேவையற்றவர்களுக்குச் சிறிய அறுவையோடு நிறுத்துவது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள், ஊடுருவல் குறைவு என்று தேர்ந்தெடுத்த 700 பெண்களைக் கொண்ட ஷேப் சோதனை 2024இல் வெளிவந்தது. பெரிய அறுவை செய்தவர்களில் மூன்றாண்டில் இடுப்பில் நோய் திரும்பியது 2.17%, சாதாரணக் கர்ப்பப்பை நீக்கம் செய்தவர்களில் 2.52%. சிறுநீர்க் கோளாறு இரண்டாம் பிரிவில் குறைவு. ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லாருக்கும் முன்னதாகவே கட்டி அளக்கப்பட்டிருந்தது. எல்லாருக்கும் கணுக்கள் சோதிக்கப்பட்டன. இதைவிடக் கறாராக எல்.வி.எஸ்.ஐ. இல்லாதவர்களை மட்டும் சேர்த்துக்கொண்ட கான்செர்வ் ஆய்விலும் 100 பேரில் 5 பேருக்குக் கணுவில் நோய் இருந்தது.

நம் நாட்டில் அந்த நிபந்தனைதான் உடைகிறது. நான்காண்டு, ஐந்தாண்டாக வெள்ளைப்படுதல், முறைதவறிய உதிரப்போக்கு. நாற்பது வயதைத் தாண்டியாயிற்று. “எடுத்துட்டா தொல்லை விட்டது” என்று கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3% பேர் கர்ப்பப்பை நீக்கப்பட்டவர்கள். 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10%. பரிசோதிக்காமல் எடுத்த கர்ப்பப்பைகளில் சிலவற்றில் புற்று இருக்கிறது. அறுவை முடிந்து வாரம் கழித்துப் பயாப்ஸி ரிப்போர்ட்டில் தெரிகிறது. சில இடங்களில் திசு பயாப்ஸிக்கே போவதில்லை. மறுபடி உதிரம் கண்டபோதுதான் தெரிகிறது.

இப்படி வரும் பெண்ணுக்குப் பக்கத் திசு எடுக்கப்படவில்லை, கணு எடுக்கப்படவில்லை. ஆழம் 3 மில்லிமீட்டருக்குள், எல்.வி.எஸ்.ஐ. இல்லை, விளிம்பு சுத்தம் என்றால் நடந்த அறுவையே போதும். அதைத் தாண்டினால் மறுபடி வயிற்றைத் திறந்து பக்கத் திசுவையும் கணுக்களையும் எடுக்க வேண்டும். அல்லது கதிர்வீச்சும் கீமோவும். எது என்பது பழைய திசுவைப் பற்றிய இந்த விவரங்களில் நிற்கிறது. ‘கார்சினோமா செர்விக்ஸ்’ என்று ஒரே வரியில் முடிந்த ரிப்போர்ட்டில் அவை இருக்காது. அளவு எழுதாமல், எத்தனை கீற்று எடுத்தார்கள் என்று சொல்லாமல் வரும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்தப் புற்றுநோய் மருத்துவரும் குறைந்த சிகிச்சை கொடுக்கத் துணியமாட்டார். அளக்காததற்கான விலையைக் கூடுதல் கதிர்வீச்சாக அந்தப் பெண் கொடுக்கிறார்.

முன்பே சந்தேகம் வந்து பயாப்ஸி எடுத்தாலும் எப்படி எடுத்தார்கள் என்பது முக்கியம். புறநோயாளிப் பிரிவில் கிள்ளி எடுக்கும் சில மில்லிமீட்டர் துணுக்கு புற்று உண்டு என்று சொல்லும். எவ்வளவு ஆழம் என்று சொல்லாது, ஏனென்றால் அடிப்பகுதி அதில் இல்லை. கண்ணுக்குக் கட்டி தெரியாத ஆரம்ப நோயில் கூம்பு வடிவத்தில் திசுவை முழுதாக எடுத்தால்தான் ஆழமும் எல்.வி.எஸ்.ஐ.யும் விளிம்பும் தெரியும்.

அறுவை முடிந்தவருக்கும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. ஸ்லைடுகளும் அவற்றைச் சீவிய மெழுகுக் கட்டைகளும் ஆய்வகத்தில் சேமிக்கப்படுகின்றன. பெரிய புற்றுநோய் மையங்கள் புது நோயாளியிடம் முதலில் கேட்பது “ஸ்லைடும் பிளாக்கும் கொண்டு வந்தீங்களா” என்றுதான். அறுவை நடந்த மருத்துவமனையில் எழுத்துமூலம் கேட்டால் வாங்கலாம். அந்தக் கட்டையைப் புதிதாகச் சீவி, ஆழத்தை அளந்து, தேவைப்பட்டால் டி2-40 சாயமும் ஏற்றி, செல் வகையையும் மறுபடி பார்த்து எழுதிய இரண்டாவது ரிப்போர்ட் வரும் வரை சிகிச்சை முடிவைச் சில நாள் தள்ளிவைப்பதால் நோய் ஓடிவிடாது.